லேன் ஒயர் மாட்டியும் நெட் வரவில்லையா? டிரைவரிலிருந்து பார்ப்போம்

போன மாம்பழ சீசனில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மண்டிக்காரத் தம்பி போன் செய்தார். "அண்ணா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு நேத்து ராத்திரி ஃபார்மட் போட்டு புது விண்டோஸ் ஏத்தினேன். இப்ப நெட்டே வரல. ஒயர் நல்லாத்தான் இருக்கு, போன்ல வைஃபை வருது. லேன் கார்டு போயிடுச்சாண்ணா?" வாசலில் லோடு ஏற்றிய வண்டி நிற்கிறது, பில் போட முடியவில்லை என்று குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

கார்டு போகவில்லை. அந்தக் கார்டுக்கு வேண்டிய டிரைவர்தான் ஃபார்மட்டோடு போய்விட்டது. தருமபுரியில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிற எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இந்தக் கேள்வி வருகிறது. கார்டு கெட்டதற்கும் டிரைவர் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாமல் நல்ல மதர்போர்டை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை உட்கார்ந்து புரிந்துகொண்டால், அடுத்த முறை யாருக்கும் போன் செய்யாமல் நீங்களே பார்த்துவிடலாம்.

டிரைவர் என்பது என்ன?

லேன் ஒயரை மாட்டுகிற ஓட்டைக்குப் பின்னால், மதர்போர்டில் சின்னதாக ஒரு கறுப்புச் சிப் இருக்கும். லேன் கார்டு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நம் ஊர்ப்பக்கம் வரும் சிஸ்டங்களில் பெரும்பாலும் அது ரியல்டெக் அல்லது இன்டெல். விண்டோஸ் கொடுக்கும் தகவலை மின் துடிப்பாக மாற்றி ஒயரில் அனுப்புவதும், ஒயரில் வருவதைத் திரும்பத் தகவலாக மாற்றுவதும் அதன் வேலை. ஒவ்வொரு கம்பெனியின் சிப்பும் உள்ளுக்குள் ஒவ்வொரு விதம். எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் சிப் விழித்துக்கொள்ளும், அனுப்ப வேண்டிய தகவலை எங்கே வைக்க வேண்டும், வந்த தகவலை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் சிப்புக்குச் சிப் மாறும். இவ்வளவு விவரமும் விண்டோஸுக்குத் தானாகத் தெரியாது.

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் சந்தைக்குப் போயிருந்தால் இது சட்டென்று புரியும். தெலுங்கு மட்டும் தெரிந்த ஒருவர் சரக்கோடு நிற்பார், தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் பணத்தோடு நிற்பார். இரண்டு பேச்சும் தெரிந்த ஒருவர் நடுவில் வந்து நின்றால்தான் வியாபாரம் நகரும். விண்டோஸுக்கும் சிப்புக்கும் நடுவே நிற்கிற அந்த ஆள்தான் டிரைவர். அது ஒரு மென்பொருள், அவ்வளவுதான். நடு ஆள் வரவில்லை என்றால் சரக்கும் இருக்கும், பணமும் இருக்கும், வியாபாரம் மட்டும் நடக்காது. மண்டித் தம்பியின் சிஸ்டத்தில் நடந்தது அதுதான்.

விண்டோஸ் போடும்போதே நிறைய டிரைவர்கள் கூடவே வந்துவிடும். பழைய ரியல்டெக் சிப் என்றால் தானாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு விண்டோஸ் பதிப்பு வந்த பிறகு சந்தைக்கு வந்த சிப்பை அந்தப் பதிப்பு அறிந்திருக்க வழியில்லை. 2.5 ஜிகாபிட் வேகமுள்ள புது மதர்போர்டில், எப்போதோ காப்பி எடுத்து வைத்த பழைய விண்டோஸ் 10 பென்டிரைவைப் போட்டால் நெட் வராமல் நிற்பது இதனால்தான். விண்டோஸ் 11 இன்னும் ஒரு படி மேலே போய், முதல்முறை அமைக்கும்போதே இணைய இணைப்பைக் கேட்கும். லேன் டிரைவர் இல்லை, வைஃபையும் இல்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஒயர் மாட்டுற இடத்துல லைட்டு எரியுதா?" என்பதுதான். லேன் போர்ட்டின் ஓரத்தில் பொதுவாக இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். ஒன்று, மறுமுனையில் உள்ள ரூட்டரோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்று சொல்லும். இன்னொன்று தகவல் போய்வரும்போது மினுக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பச்சையா மஞ்சளா என்று குழம்ப வேண்டாம்; எரிகிறதா என்பதுதான் முக்கியம். டெஸ்க்டாப்பை அணைத்த பிறகும் இந்த விளக்கு எரிவதைப் பார்த்து சிலர் பயப்படுவார்கள். பயம் வேண்டாம். பவர் ஒயர் மாட்டியிருக்கும்வரை சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

விளக்கு எரிந்தால் ஒயர், ரூட்டர், சிப்பின் பெரும்பகுதி மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். டிரைவர் இல்லாமலேகூடப் பெரும்பாலான சிப்புகளில் விளக்கு எரியும். எரியவில்லை என்றால் டிரைவர் பக்கமே போகாதீர்கள். வேறு ஒயர் மாட்டிப் பாருங்கள், ரூட்டரில் பக்கத்து ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள். அதே ஒயரை வேறொரு லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. திரையில் 'நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு' என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு வந்தால், உடனே டிரைவரை அழித்துத் திரும்பப் போடுகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒயர் கழன்றிருக்கிறது என்று விண்டோஸுக்கு யார் சொன்னது? டிரைவர்தான் சொன்னது. சிப்போடு பேசி, மறுமுனையில் யாரும் இல்லை என்று கேட்டுத் தெரிந்து, அதை விண்டோஸிடம் சேர்த்திருக்கிறது. அந்தச் செய்தி வந்தால், டிரைவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது ஒயரை.

டிவைஸ் மேனேஜர் சொல்லும் கதை

விளக்கு எரிகிறது, நெட் மட்டும் இல்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே அது இருக்கும். உள்ளே 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்துப் பாருங்கள்.

அங்கே ரியல்டெக் அல்லது இன்டெல் பெயரில் லேன் கார்டே இல்லை, அதற்குப் பதில் 'அதர் டிவைசஸ்' என்ற வரிக்குக் கீழே 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று நிற்கிறது என்றால், டிரைவர் போடப்படவில்லை. அதை டபுள் கிளிக் செய்தால் கோட் 28 என்று இருக்கும். இதைப் பார்த்தால் நிம்மதி அடையலாம். சிப் உயிரோடு இருக்கிறது, தன்னை யாரென்றும் சொல்லிவிட்டது, பேச ஆள்தான் இல்லை. பக்கத்திலேயே 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கண்ட்ரோலர்' என்று இன்னொன்றும் மஞ்சளாக நிற்கலாம். கம்யூனிகேஷன் என்ற பெயரைப் பார்த்து அதுதான் நெட் கார்டு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது இன்டெல் மதர்போர்டின் மேலாண்மைப் பகுதி; நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கார்டின் பெயர் சரியாக இருந்து அதன்மேல் மஞ்சள் முக்கோணமும் கோட் 10-ம் வந்தால், டிரைவர் இருக்கிறது, ஆனால் சிப்பை எழுப்ப முடியவில்லை. பொருந்தாத டிரைவராக இருக்கலாம், சிப்பே பழுதாகவும் இருக்கலாம். பெயர்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அதை டிசேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள், முடிந்தது.

பெயரும் இல்லை, மஞ்சள் குறியும் இல்லை, எங்கேயுமே எதுவும் இல்லை என்றால் சிப் விண்டோஸின் கண்ணிலேயே படவில்லை. பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கிற மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில், ஆன்போர்டு லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் சரியாக இருந்தால் சிப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சிப்பின் உண்மையான பெயர்

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். டிரைவர் தேடும் முன் சிப்பின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 'லேன் டிரைவர் டவுன்லோடு' என்று பொதுவாகத் தேடினால், எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். அவை ஊகித்துப் போடுகின்றன. நல்லபடியாக இருந்த ஆடியோவையும் டிஸ்ப்ளேவையும் சேர்த்து மாற்றிவிடுகின்றன, கேட்காத மென்பொருளையும் உள்ளே இறக்கிவிடுகின்றன. ஊகிக்க வேண்டிய தேவையே இங்கே கிடையாது. சிப் தன் பெயரைத் தானே சொல்லும்.

மஞ்சள் குறியுள்ள ஈதர்நெட் கண்ட்ரோலரை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். மேலே 'டீடெயில்ஸ்' என்ற தாவலை அழுத்தி, அதில் உள்ள பட்டியலிலிருந்து 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக நான்கைந்து வரி வரும். முதல் வரியில் இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் போதும். 'வென்' (VEN) என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் உள்ள நான்கு குறிகள் கம்பெனியைச் சொல்லும். 'டெவ்' (DEV) என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் உள்ள நான்கு குறிகள் எந்தச் சிப் என்று சொல்லும்.

மண்டித் தம்பி போனில் நிதானமாகப் படித்தார். வென்னுக்குப் பின்னால் ஒன்று, பூஜ்ஜியம், ஈ, சி. அது ரியல்டெக். டெவ்வுக்குப் பின்னால் 8125. ரியல்டெக்கின் 2.5 ஜிகாபிட் சிப். அதுவே 8168 என்று இருந்திருந்தால் சாதாரண ஜிகாபிட் சிப். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் பெரும்பாலும் இந்தத் தொந்தரவே வந்திருக்காது. இன்டெல் என்றால் கம்பெனி எண் 8086 என்று வரும். 1978-இல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் பெயரும் அதுதான், அதனால் மறக்கவே மறக்காது. கம்பெனிகளுக்கான இந்த எண்களை பிசிஐ-சிக் என்ற தொழில் அமைப்பு ஒதுக்கித் தருகிறது. இரண்டு கம்பெனிக்கு ஒரே எண் வராது, அதனால் நம்பித் தேடலாம்.

எண் கிடைத்துவிட்டால் மதர்போர்டு கம்பெனியின் தளத்துக்கோ, ரியல்டெக், இன்டெல் தளத்துக்கோ நேரே போய் எடுக்கலாம். டெல், எச்பி, லெனோவோ மாதிரி பிராண்டட் சிஸ்டம் என்றால் இன்னும் சுலபம். அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண்ணை அந்தந்தத் தளத்தில் அடித்தால் அந்த மாடலுக்கான டிரைவர் பட்டியலே வரும்.

நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் எடுக்க நெட் வேண்டுமே?

இதற்குப் பதில் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயரால் சிஸ்டத்தின் யுஎஸ்பியில் மாட்டுங்கள். ஒயர் சார்ஜுக்கு மட்டுமான மலிவு ஒயராக இல்லாமல் டேட்டாவும் போகிற ஒயராக இருக்க வேண்டும். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யுஎஸ்பி டெதரிங்' என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் சிஸ்டத்தில் நெட் வந்துவிடும். போனை இப்படி நெட் கார்டாகப் பயன்படுத்துவதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான போன்களில் வைஃபையில் வரும் நெட்டையே இப்படிக் கடத்தலாம், மொபைல் டேட்டா செலவாகாது.

தம்பி தன் போனை மாட்டினார், டிரைவரை எடுத்தார், இன்ஸ்டால் செய்தார், ரீஸ்டார்ட் கொடுத்தார். இருபது நிமிடத்தில் முதல் பில் வந்துவிட்டது.

நேற்றுவரை வந்தது, இன்று வரவில்லை என்றால்

ஃபார்மட் எதுவும் போடாமல் திடீரென்று நிற்பது வேறு வகை. விண்டோஸ் அப்டேட் இரவோடு இரவாக டிரைவரை மாற்றியிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் இருக்கும். அது மங்கலாக இல்லாமல் அழுத்தும்படி இருந்தால், பழைய டிரைவர் இன்னும் உள்ளே இருக்கிறது. அழுத்தினால் அதற்கே திரும்பிவிடலாம்.

மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் கார்டைப் புதிதாகக் கண்டுபிடித்துத் தன்னிடம் இருக்கும் டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். பொருத்தமான டிரைவர் பென்டிரைவில் கையில் இருந்தால் மட்டும் அதில் டிக் போடுங்கள்.

அதற்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. சிஸ்டத்தை அணைத்துவிட்டு, பவர் ஒயரைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப மாட்டுங்கள். மின்சாரச் சிக்கன நிலைக்குப் போய் அங்கேயே உறைந்து நின்ற சிப் இதில் விழித்துக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஷட்டவுன் மட்டும் கொடுத்தால் பல சமயம் பலன் இருக்காது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுபடி அப்படியே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும்.

சிஸ்டம் ஸ்லீப் போய் எழுந்த பிறகு மட்டும் நெட் போகிறதா? கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலுக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். மண்டியும் கடையும் வைத்திருப்பவர்களுக்கு முதல் நாளே இதைச் செய்து கொடுத்துவிடுவேன்.

டிரைவர்மேல் விழும் வீண்பழி

இ-சேவை மையம் நடத்தும் ஒரு அக்கா பென்னாகரம் பக்கமிருந்து அழைத்திருந்தார். லேன் கார்டில் எந்த மஞ்சள் குறியும் இல்லை, நெட் மட்டும் இல்லை. கட்டளைகளை எழுத்தில் அடிக்கிற கமாண்ட் ப்ராம்ப்ட் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னேன். நெட்வொர்க்கில் சிஸ்டத்தின் முகவரியான ஐபி எண் 169.254 என்று தொடங்கியது. சிப்பும் டிரைவரும் சரியாக இருந்து, ரூட்டரிடம் எண் கேட்டுப் பதில் வராதபோது விண்டோஸ் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் எண் அது. ரூட்டரை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. ஒரு எண்ணுக்குச் சின்னத் தகவல் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை பிங். 127.0.0.1-க்கு பிங் அடித்துப் பதில் வந்தால் கார்டு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அந்தப் பிங் விண்டோஸுக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும், கார்டைத் தொடுவதே இல்லை. ரூட்டரின் எண்ணுக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று வேகம். ஜிகாபிட் கார்டு, ஜிகாபிட் ரூட்டர், ஆனால் 100 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது என்றால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எலி கடித்தோ, ஒயர் முனையில் பின் அழுத்திய கிரிம்ப் சரியாக உட்காராமலோ, 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும்.

இடி விழுந்த பிறகு

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் கோடை மழை இடியோடுதான் வரும். மறுநாள் என் மேஜைமேல் நாலு சிஸ்டமாவது இருக்கும், எல்லாவற்றிலும் லேன் மட்டும் வேலை செய்யாது. வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவே வெளியே இழுத்துக் கட்டிய செம்பு லேன் ஒயரில் மின்வீச்சு ஏறி, நேரே சிப்பில் போய் இறங்குகிறது. ஃபைபர் கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்குப் பவர் ஒயர் இருக்கிறதே, அந்த வழியாகவும் வரும். இடி இடிக்கத் தொடங்கினால் பவர் ஒயரோடு லேன் ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

சிப் போனதா, டிரைவர் சண்டையா என்று முடிவு செய்ய, விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான உபுண்டு போட்ட ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து சிஸ்டத்தை ஏற்றலாம். உபுண்டுவுக்கு அதன் சொந்த டிரைவர்கள் இருப்பதால், அங்கே நெட் வந்துவிட்டால் சிப் நல்லது, விண்டோஸ் பக்கம்தான் கோளாறு. அங்கேயும் கார்டே தெரியவில்லை, விளக்கும் இல்லை என்றால் டிரைவர் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அப்போதும் மதர்போர்டை மாற்றாதீர்கள். யுஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், அல்லது உள்ளே பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் காலியாக இருந்தால் ஒரு கார்டு போட்டுக்கொள்ளலாம்.

மண்டித் தம்பி இப்போது ஃபார்மட் போடும் முன் இரண்டு வேலை செய்கிறார். ஹார்டுவேர் ஐடி வரும் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். லேன் டிரைவரைத் தனியாக ஒரு பென்டிரைவில் காப்பி செய்து, மேல் டிராயரில் பில் புத்தகத்தோடு வைத்துவிடுகிறார்.